வராத வண்டி கடந்த ஊர்கள்

ஒரு கிழவர் சாகக் கிடந்தார். அவருடைய மகன் என்னோடு இருந்தான். செய்தி எனக்கு வந்தது. நான் அவனிடம் சொல்லவில்லை. அதோடு நிறுத்தவும் இல்லை. மகன் திரும்பி வந்துகொண்டிருக்கிறான் என்று அந்தக் குடும்பத்துக்கு இரண்டரை நாள் தொலைபேசியில் பொய் சொன்னேன். எந்த ஊர் வந்தோம், எந்த ஊரைத் தாண்டினோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த நேரமெல்லாம் எங்கள் வண்டி நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. நான் படித்தவன். முப்பது வருடம் ஒரு இரும்பு ஆலையின் நிர்வாகத்தில் இருந்தவன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

வண்டி எப்படி வந்தது என்பதிலிருந்து சொல்ல வேண்டும்.

என் மனைவியின் தம்பி ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருநின்றவூரில் என் வீட்டுக்கு வந்து, சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து, அந்த நாட்டின் செம்மண் பாலையில் கேரவன் இழுத்துக்கொண்டு போன படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுவான். ஆளில்லாத சாலை, கங்காரு, நடுக்காட்டில் மடக்கு நாற்காலி, கையில் பீர். "நாலாயிரம் கிலோமீட்டர் மாமா, ஒரு மனுஷன் குறுக்க வரல" என்பான். அவன் பார்த்ததில் எனக்கு ஆசை வரவில்லை. அவன் பார்த்தான், நான் பார்க்கவில்லை என்பதில்தான் வந்தது. ஓய்வு பெற்ற ஆணின் மூளை எவ்வளவு சிறியதாகச் சுருங்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது. எனக்கும் ஒரு கேரவன் வேண்டும் என்று முடிவு செய்தேன். நம் நாட்டிலும் மனிதர் இல்லாத பூமி இருக்கிறது, குஜராத்தின் கட்ச்சில் வெள்ளை உப்புப் பாலை இருக்கிறது, பௌர்ணமி அன்று அங்கே நிலா எழுவதைப் பார்க்கலாம் என்று அவனிடம் சவால் விட்டேன். அடுத்த முறை வரும்போது தானும் கூட வருவதாக அவன் சொன்னான்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்பக்கத்தில், ஒரு தகரக் கொட்டகையில் வண்டி தயாரானது. பழைய மினி லாரி ஒன்றின் மேல் புது உடம்பு கட்டினோம். நான்கு படுக்கை, காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, திரை போட்ட கழிவறை. எல்லாவற்றையும் வெல்டிங் வைத்துக் கட்டியவன் என் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவன். பிறகு ஆலையின் ஷிப்ட் பஸ்ஸையும் ஓட்டினான். கட்டியவனே ஓட்டட்டும் என்று அவனையே டிரைவராக வைத்துக்கொண்டேன். வயது நாற்பதுக்குள். அவனுடைய தாத்தா கடம்பத்தூர்ப் பக்கம் எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர். அவனுடைய அப்பா அந்த வேலை வேண்டாம் என்று லாரியில் ஏறி, கடப்பாவிலிருந்து கல் ஏற்றி வரும் லோடுமேனாகி, பிறகு தொழிற்பேட்டை ஓரம் சர்ச் காலனியில் வீடு கட்டிக்கொண்டார். என் அப்பா சாகும்வரை அதை ஒரு துரோகம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் எனக்கு எதையோ பாக்கி வைத்திருக்கிறது என்ற நினைப்பு எனக்கும் இருந்தது.

வண்டி காலனிக்குள் வந்து நின்றபோது பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன. எந்த நடிகர் வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தன. அவனுடைய அப்பா, அந்தக் கிழவர், கைத்தடியோடு வண்டியைச் சுற்றி வந்து, டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னா அய்யா, ஊடு ஒண்ணு இருக்கிறப்ப இன்னொரு ஊட்ட இஸ்துக்கினு போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதே கிழவர் மகனிடம், "கடப்பா வழியாத்தானே போற? கல்லு லாரிங்க நிக்கும் பாரு பைபாஸ்ல. நம்ம ஆளுங்க எவனாவது இருந்தா நான் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

ஆலையில் நான் கொண்டுவந்த ஒரு விதியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வேலைக்கு உள்ளே போகிறவன் கைப்பேசியை கேட்டில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அவசரச் செய்தி எதுவானாலும் கேட்டுக்கு வரும். கேட்டிலிருந்து என் அறைக்கு வரும். உலையடியில் நிற்கிறவனுக்கு வீட்டில் சாவு என்று செய்தி வந்தால், அவனை மாற்ற ஆள் வந்து நின்ற பிறகுதான் சொல்ல வேண்டும். உலையை விட்டு ஒருவன் ஓடினால் பத்துப் பேருக்கு ஆபத்து என்று அதற்குக் காரணம் சொல்வோம். காரணம் பொய்யில்லை. ஆனால் மாற்றாள் தேட நாங்கள் ஒருபோதும் அவசரப்பட்டதில்லை என்பதும் உண்மை. ஒருவனுக்கு நான்கு மணி நேரம் கழித்து, ஷிப்ட் முடிந்ததும் சொன்னேன். அவன் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, என் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். எதற்குப் பார்க்கிறான் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

அந்த விதியை வண்டிக்குள்ளும் கொண்டுவந்தேன். ஓட்டும்போது போன் கூடாது என்று சொல்லி, பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று செய்யச் சொன்னேன். அந்தப் பெட்டியை அடித்ததும் அவன்தான். காலையில் போனை அணைத்து அதில் வைப்பான். மாலை வண்டி நின்றதும் நான் பூட்டைத் திறந்து கொடுப்பேன். பத்து நிமிடம் வீட்டோடு பேசுவான். என் மைத்துனன் இதைப் பார்த்துவிட்டு, "சூப்பர் சிஸ்டம் மாமா" என்றான். எங்கள் இருவருடைய போன்களும் எப்போதும் எங்கள் கையிலேயே இருந்தன.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பன்னிரண்டு நாள் வேலிக்காத்தான் முள்ளைப் பார்த்தோம். கடப்பா, கர்னூல், ரெய்ச்சூர், சோலாப்பூர் என்று உள்நாட்டின் காய்ந்த வயிற்றின் மேலேயே போனோம். மனிதர் இல்லாத பூமி என்று நான் சவால் விட்ட இடத்திலெல்லாம் மனிதர்கள் ஆடு மேய்த்துக்கொண்டும் தண்ணீர்க் குடம் சுமந்துகொண்டும் இருந்தார்கள். மைத்துனன் அவர்களைப் படம் எடுத்தான். எங்கே நின்றாலும் இரண்டு மடக்கு நாற்காலிகள் வெளியே வரும். மூன்றாவது நாற்காலி கிடையாது. வண்டியில் நான்கு படுக்கைகள். நாங்கள் இருந்தது மூன்று பேர். டிரைவர் ஓட்டுநர் இருக்கையில் காலை மடக்கிக்கொண்டு தூங்கினான். உள்ளே படுக்காதே என்று நான் சொன்னதில்லை. படு என்றும் சொல்லவில்லை. தான் பொருத்திய கழிவறையை அவன் ஒருநாளும் பயன்படுத்தவில்லை. பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு முள்ளுக்குள் போய் வந்தான். இதையெல்லாம் அப்போதே பார்த்தேன். இப்போது கண்டுபிடித்ததுபோல எழுதினால் அது இன்னொரு பொய்யாகும்.

பதிமூன்றாம் நாள் காலை, கட்ச்சில் ஒரு சின்ன ஊரின் தேநீர்க் கடையில் நின்றோம். உப்புப் பாலைக்கு இன்னும் அரை நாள் ஓட்டம், மறுநாள் பௌர்ணமி. என் போன் அடித்தது.

"சார், நான் உங்க டிரைவர் ஊட்டுக்காரி பேசறேன் சார். மாமாவுக்கு ரொம்ப முடியல. திருவள்ளூர் பெரியாஸ்பத்திரில சேத்துக்கீறோம். வர வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்கன்றாரு டாக்டரு. அவரு போனு சுவிட்ச் ஆப்னே வருது. அவராண்ட குடுங்க சார்."

அவன் பத்தடி தள்ளி, வண்டியின் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"அவன் வண்டி ஓட்டிட்டு இருக்கான்மா" என்றேன். "இப்ப சொன்னா பதறுவான். நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

"ஏரோபிளேன்ல அனுப்பிட முடியுமா சார்?"

"இங்க பக்கத்துல ஏர்போர்ட் எதுவும் இல்லம்மா. நாங்க வண்டியைத் திருப்பிடறோம். ரோட்லயே வந்துடலாம்."

பூஜ் விமான நிலையம் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தது. முந்தின நாள்தான் அதன் பலகையைத் தாண்டி வந்திருந்தோம். அவனை அனுப்பினால் வண்டியை ஓட்ட ஆள் இல்லை. எனக்கு அந்தக் கனமான வண்டியை ஓட்டத் தெரியாது. மைத்துனனுக்கு இங்கே ஓட்ட லைசென்ஸ் இல்லை. உலையடியில் நிற்பவனுக்கு மாற்றாள் இல்லை. மனதுக்குள் இந்த வாக்கியம் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மைத்துனனிடம் மட்டும் சொன்னேன்.

"ரெண்டே நாள் மாமா" என்றான். "இவன் என்ன டாக்டரா? அங்க போய் என்ன பண்ணப் போறான்?"

அவனை நான் குறை சொல்லவில்லை. நான் கேட்க விரும்பியதை அவன் சொன்னான். அதற்காகத்தான் அவனிடம் கேட்டேன்.

வண்டி வடக்கே போனது. மாலை வண்டி நின்றதும் டிரைவர் வந்து நின்றான்.

"சார், போனை ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க. நைனாவுக்கு நேத்தே ஜுரம்னாங்க. ஒரே பேஜாரா கீது."

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. "பெட்டிச் சாவி எங்கேயோ விழுந்துடுச்சுப்பா. காலையிலிருந்து தேடறேன்" என்றேன்.

அவன் உடனே மண்டியிட்டு இருக்கைகளுக்கு அடியில் தேட ஆரம்பித்தான். மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தான். அடுப்புக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினான். "நான் பெருக்கும்போது வெளிய தள்ளிட்டனா தெரியல சார்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னான். நானும் குனிந்து தேடினேன். பிறகு அவன், "நான் அடிச்ச பெட்டிதானே சார். ரெண்டு தட்டு தட்டினா துறந்துக்கும்" என்றான்.

"உடைக்க வேண்டாம். நான் உன் வீட்டோட பேசிட்டேன். அப்பாவுக்கு ஜுரம் இறங்கிடுச்சாம்."

"அப்டியா? தேங்க்ஸ் சார்" என்றான். முகம் தெளிந்துவிட்டது. அன்று எங்களுக்காகத் தக்காளித் தொக்கு செய்தான்.

அவன் மனைவி மறுபடி மறுபடி கூப்பிட்டாள். "எங்க வந்தீங்க சார்?" ஒவ்வொரு முறையும் நான் வண்டியைவிட்டுத் தள்ளிப் போய், போனில் வரைபடத்தைத் திறந்து, இத்தனை மணிக்கு இங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். முதல் நாள் மாலை அகமதாபாத். மறுநாள் காலை நாசிக், மதியம் புனே, மாலை சோலாப்பூர். நேரமும் தூரமும் பொருந்தும்படி சொன்னேன். அலுவலகத்தில் நான் கவனமான ஆள் என்று பெயர் வாங்கியவன். அந்தக் கவனம் எல்லாம் இதில் வந்து உட்கார்ந்தது. ஒரு கட்டத்தில் சாலையில் நெரிசல் என்றுகூடச் சொல்லி, அரை மணி நேரம் கூட்டிக்கொண்டேன்.

சோலாப்பூர் என்று நான் சொன்ன அந்த மாலையில் உப்புப் பாலையில் நின்றிருந்தேன். நிலா எழுந்தது. வெள்ளைத் தரை, வெள்ளை நிலா, நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள், வாடகைக்கு ஒட்டகம், பஜ்ஜிக் கடை. மைத்துனன் இரண்டு கைகளையும் விரித்து நிற்க, டிரைவர் அவனைப் படம் எடுத்துக் கொடுத்தான். பிறகு டிரைவர் குனிந்து ஒரு விரலால் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "நைனாவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கினு போலாமா சார்?" என்று கேட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு கட்டி போட்டுக்கொண்டான். நான் நிலாவைப் படம் எடுத்து வீட்டுக்கு, மனைவிக்கு அனுப்பினேன். நன்றாக வந்திருக்கிறது என்று அவள் பதில் போட்டாள்.

மூன்றாம் நாளும் அவன் மனைவி கூப்பிட்டாள். காலையில் ரெய்ச்சூர் என்றேன். மதியம் கர்னூல். மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டபோது கடப்பா என்றேன். அவள் உடனே வைத்துவிடவில்லை. பின்னால் யாரோ முனகுவது கேட்டது.

"சார், கடப்பா பைபாஸ்ல கல்லு லாரிங்க நிக்குதான்னு மாமா கேக்கறாரு."

நான் ஒரு பெட்டிக்கடை நிழலில் நின்றிருந்தேன். எதிரே உப்பு ஏற்றிய லாரி ஒன்று போனது.

"நிறைய நிக்குதும்மா" என்றேன். "வரிசையா நிக்குது."

"வரிசையா நிக்குதாம், கேட்டுச்சா மாமா" என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு "சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு மணி நேரம் கழித்து என் மனைவி கூப்பிட்டாள். "அந்தப் பெரியவர் போயிட்டாராம்" என்றாள். "நீங்க திரும்பி வந்துட்டிருக்கிறதா சொன்னீங்களாமே?" நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். நாற்பது வருடத்தில் அவள் என் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்தது அது முதல் முறை.

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். சாவி கிடைத்துவிட்டது என்று டிரைவரிடம் சொன்னேன். அவன் போனைப் போட்டான். பேசினான். வண்டியின் பக்கத் தகட்டில், தான் வெல்டிங் வைத்த இடத்தில், நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் வந்து, "உங்கள நடுவுல உட்டுட்டு எப்டி சார் போறது?" என்று கேட்டான். அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அந்தக் கேள்வி கொடுத்த அடியை எந்தச் சாட்டையாலும் எனக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது.

விடிந்ததும் பூஜ்ஜுக்கு அனுப்பினேன். விமானம் மாறி, சென்னையில் இறங்கி, நெரிசலில் கும்மிடிப்பூண்டி வந்து சேர்ந்தபோது மாலை ஐந்தரை. போதகர் நான்கு மணிவரைதான் பொறுத்தார். குழியை மூடிவிட்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம்.

வண்டியைத் திரும்ப ஓட்டிவர உள்ளூரில் ஒரு டிரைவர் கிடைப்பாரா என்று தேநீர்க் கடையில் கேட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் பையோடு வந்து நின்றார். மாற்றாள் அவ்வளவு பக்கத்தில் இருந்தான். நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. ஐந்து நாள் திரும்பி வந்தோம். சொன்ன ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாக, இப்போது உண்மையாகவே கடந்தேன். கடப்பா பைபாஸில் ஒரு கல் லாரிகூட நிற்கவில்லை. மைத்துனன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தான் எடுத்த படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். அவனை வெறுக்க முயன்றேன். அதற்கு நான் தகுதியற்றவன் என்பதுதான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு நான் சர்ச் காலனிக்குப் போனேன். அதற்கு முன் மூன்று முறை தொழிற்பேட்டை ரவுண்டானா வரை போய்த் திரும்பியிருக்கிறேன். தெருவில் பந்தல் போட்டு நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். எனக்கு ஒன்றைத் துடைத்துப் போட்டார்கள். ஜெபம் முடிந்ததும் எழுந்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். பெட்டி, சாவி, ஊர்கள், நிலா. சொல்லி முடித்து, அந்த வண்டியை அவன் பெயருக்கே எழுதி வைத்துவிடுவதாகவும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக ஒலித்தது என்று எனக்குக் கேட்டது.

யாரும் கத்தவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும், "வண்டிய எழுதிக் குடுக்கறாராம்பா. ஷூட்டிங் வண்டி" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

டிரைவரின் மனைவிதான் பேசினாள். கையில் பிரியாணி கரண்டியோடு நின்றிருந்தாள்.

"எனக்கு ரெண்டாவது நாளே தெரியும் சார். உங்க ஊட்டம்மாவுக்குப் போன் பண்ணேன். அவங்க சூதுவாது தெரியாம, இப்பதான் உப்புப் பாலையிலேர்ந்து நிலா படம் அனுப்பிச்சாருன்னாங்க."

"அப்புறம் ஏம்மா எனக்குக் கூப்பிட்ட?"

"மாமாவுக்காகத்தான். நான் சொன்னா நம்பமாட்டாரு. அந்த ரோடு பூரா அவருக்குத் தெரியும். ஸ்பீக்கர்ல போடுன்னாரு. பெரிய மனுசன் வாயால கேட்டாதான் நம்பிக்கை அவருக்கு." கரண்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "கடப்பாவுக்கு அப்புறம் உங்களக் கூப்பிட எனக்குப் புடிக்கல. நானே சொன்னேன். ரேணிகுண்டா, புத்தூரு, நாகலாபுரம், ஊத்துக்கோட்டன்னு. ரெண்டு மணி நேரத்துல அவ்ளோ தூரம் வர முடியாதுன்னு அவருக்குத் தெரியாதா? ஒண்ணும் கேக்கல. ஊத்துக்கோட்டன்னதும், அப்ப வந்துட்டான்னு கண்ண மூடிக்கினாரு."

டிரைவரின் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அவனுக்கு அவள் முன்பே சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது. ஒரு மாதமாக எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறான். நான் வருகிறேனா என்று பார்த்திருக்கிறான்.

"வண்டி வேணாம் சார். அதுல நான் ஏற மாட்டேன்" என்றான். "கம்பெனில நாங்க பத்து நிமிசம் லேட்டா வந்தா எழுதித் தரச் சொல்வீங்களே. இன்னா காரணம், எந்நேரம், இனிமே செய்ய மாட்டேன்னு. நான் எத்தினி எழுதிக் குடுத்துக்கீறேன் உங்களுக்கு. அத்த மாதிரி எழுதிக் குடுங்க. எப்ப போன் வந்துச்சு, இன்னா ஊரு சொன்னீங்க, அப்ப வண்டி நெஜமா எங்க நின்னுக்கினு இருந்துச்சு. எல்லாம்."

அங்கேயே எழுதினேன். பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் நான் சொன்ன ஊர், எதிர்ப்பக்கம் வண்டி நின்ற இடம். நாசிக்குக்கு எதிரே ஒரு தாபா. சோலாப்பூருக்கு எதிரே உப்பு. எழுதிய வேகத்தில் ரேணிகுண்டாவிலிருந்து ஊத்துக்கோட்டைவரை அந்த நான்கு ஊர்களையும் சேர்த்து எழுதிவிட்டேன். அவன் நிதானமாகப் படித்தான். அந்த இடத்தில் விரலை வைத்தான்.

"இத்த அடிச்சிடுங்க சார். இது நீங்க சொன்னது இல்ல. அவ சொன்னது."

அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவன் தாளை நான்காக மடித்து பைபிளுக்குள் வைத்தான். எனக்கு ஒரு தட்டில் பிரியாணி வந்தது. எல்லோருக்கும் கொடுத்த அதே தட்டு. நான் சாப்பிடும்வரை அவனுடைய அம்மா எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கிழவரின் படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு உப்புக் கட்டிகள் இருந்தன. சென்னைக் காற்றில் ஈரமாகி, ஓரங்கள் கரைந்திருந்தன.

இது நடந்து ஒன்றரை வருடமாகிறது. அவன் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான். என் வண்டி திருநின்றவூர் வீட்டில் மாமரத்துக்கு அடியில் நிற்கிறது. விற்கப் பார்த்தேன், கேட்பாரில்லை. மைத்துனன் பயணத்தைப் படமாக்கி இணையத்தில் போட்டிருக்கிறான். அதில் டிரைவர் ஒரே ஒரு இடத்தில் வருகிறான், முதுகு மட்டும். மண்டியிட்டு, தொலையாத அந்தச் சாவிக்காக இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவுகிறான். எதற்கு அந்தக் காட்சியைச் சேர்த்தான் என்று கேட்டேன். "காமெடியா இருந்துச்சு மாமா" என்றான்.

ஆலையில் யாராவது விளக்கம் எழுதிக் கொடுத்தால் அதன்மேல் நான் ஒரு முடிவு எழுத வேண்டும்: எச்சரிக்கப்பட்டது, அல்லது ஏற்கப்பட்டது. பல தாள்களில் எதுவும் எழுதாமல் மேசையறையில் வைத்துக்கொள்வேன். முடிவு தெரியாதவன் ஒழுங்காக வேலை செய்வான் என்பது என் அனுபவம்.

போன மாதம் துணிந்து அவனுக்குப் போன் செய்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் செய்தேன். அவன் மனைவி எடுத்தாள். பின்னால் டிரெய்லர் இன்ஜின் சத்தம் எதுவும் இல்லை. தொலைக்காட்சியும், ஒரு ஆண் இருமுவதும் கேட்டன. அந்த இருமல் எனக்குத் தெரிந்த இருமல்.

"அவரு டியூட்டில கீறாரு சார்" என்றாள். "வந்ததும் சொல்றேன்."

சரிம்மா என்றேன். அதன் பிறகு நான் கூப்பிடவில்லை. அவனும் கூப்பிடவில்லை.